மைதிலி பெற்ற நெத்திலி

பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட்டில் ஜெனிதாவின் கட்டைவிரலுக்குத் தனி மரியாதை உண்டு. செவுளைத் தூக்கி ஒரு பார்வை, கண்ணில் ஒரு பார்வை, வயிற்றில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான், மீனின் ஜாதகம் முழுக்க வந்துவிடும். "எடுக்காதக்கா, இது நேத்து மீனு" என்று தன் பலகையில் கிடக்கிற மீனைப் பற்றியே சொல்லிவிடுவாள். அதற்காகப் புருஷன் செபஸ்தியானிடம் திட்டு வாங்குவாள். ஆனால் வாடிக்கை மட்டும் கூடிக்கொண்டே போனது. வயது நாற்பத்திரண்டு. ஒரே மகளைக் காசிமேட்டில் கட்டிக்கொடுத்துவிட்டு, மூன்றாம் மாடி வாடகை வீட்டில் அவளும் செபஸ்தியானும்தான்.

வாரத்தில் மூன்று நாள் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஜெயஸ்ரீ வீட்டுக்கு மீன் கொண்டுபோவாள். அந்த வீட்டில் வெங்காயம்கூட யோசித்துத்தான் வாங்குவார்கள். மீன், மைதிலிக்கு. மைதிலி என்பது கிரேட் டேன் ஜாதி நாய். நான்கு காலில் நின்றால் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தலை தெரியும். ஜெயஸ்ரீயின் கணவர் ராமானுஜம், நடைப்பயிற்சிக்கு வருகிற நண்பர்களிடம் "எங்காத்து மைதிலி சுத்த தயிர்சாதம்" என்று சொல்லிவைத்திருந்தார். அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டியது ஜெனிதாவின் பொறுப்பு. தி.நகர் பட்டுப்புடவைக் கடைப் பை ஒன்றுக்குள் மீனை வைத்துப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோவாள். பக்கத்து வீட்டு அம்மாள், "ஜெயஸ்ரீ வாரத்துக்கு மூணு புடவை எடுக்கறா" என்று வயிறெரிந்ததாகக் கேள்வி.

ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில் ஜெனிதா பையோடு போய் நின்றபோது பின்வாசல் திறந்து கிடந்தது. உள்ளே மைதிலிக்குப் பிரசவம். கூடத்தில் பழைய வேட்டிகளை விரித்து, ராமானுஜம் சட்டை இல்லாமல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். "பத்து! ஜெயஸ்ரீ, பத்து! முடிஞ்சுடுத்து!" கால்நடை டாக்டர் அடையாறு சிக்னலில் மாட்டிக்கொண்டு போனில் மட்டும் இருந்தார்.

ஜெனிதா பையைக் கீழே வைத்தாள். மைதிலியின் வயிற்றைப் பார்த்தாள். அவளுக்குக் கை சும்மா இருக்காது. போய்க் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"இன்னும் ஒண்ணு உள்ள கீதும்மா."

"எப்படிச் சொல்றே?"

"இருபது வருசமா சினை மீனு பாக்கறேன். இது கூடவா தெரியாது?"

கால் மணி நேரத்தில் பதினோராவது வந்தது. குட்டி என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும். மற்றதுகளில் பாதிகூட இல்லை, மூச்சும் இல்லை. ஜெனிதா அதைத் துண்டில் சுருட்டி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள், ஊதினாள், நல்ல பட்டினப்பாக்கத் தமிழில் நாலு வார்த்தை திட்டினாள். ராமானுஜம் காதைப் பொத்திக்கொண்டார். திட்டு பொறுக்காமல்தானோ என்னவோ, குட்டி ஒரு தும்மல் போட்டு உயிரோடு வந்துவிட்டது.

ஜெயஸ்ரீக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜெனிதா, நீ இல்லேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்? ஏழு வாரம் போகட்டும். முதல்ல நீ வந்து பாரு. எது வேணுமோ எடுத்துண்டு போ. அதுக்கப்புறம்தான் மத்தவாளுக்கு."

ஜெனிதா இதை வீட்டில் சொன்னதும் செபஸ்தியான் தரையில் நிற்கவில்லை. மைதிலியை ஒரு தரம் அவன் பார்த்திருக்கிறான். படகில், கரையில், டீக்கடையில், எங்கும் இதே பேச்சு. "நம்ம வூட்டுக்கு நாய் வர்தில்ல, குதிர வருது. எவனாவது என் வலைல கைய வெச்சிப் பாக்கட்டும்!" ஏழு வாரமும் ஜெனிதாவுக்குப் பாடம் நடத்தினான். தலை இன்ன அளவு இருக்க வேண்டும், பாதம் இன்ன அளவு இருக்க வேண்டும். "கீறதுலயே பெருசா பாத்துத் தூக்கினு வாமே. வேற எதையும் பாக்காத."

அந்த நாள் வந்தது. ராமானுஜம் பத்துக் குட்டிகளின் கழுத்திலும் பத்து நிறத்தில் ரிப்பன் கட்டி, மொட்டைமாடிப் படிக்குக் கீழே வரிசையாக விட்டிருந்தார். வரிசையாக நிற்கத்தான் ஒன்றும் சம்மதிக்கவில்லை. சிவப்பு ரிப்பன் கட்டினதுதான் பெரியது, கன்றுக்குட்டி மாதிரி பத்துக் கிலோ. பதினோராவது வருவதற்குள் ரிப்பன் தீர்ந்துவிட்டதால் அதற்குக் கழுத்து வெறுங்கழுத்து. எடை மூன்றரைக் கிலோ. மற்றதுகள் அதன் மேல் ஏறித்தான் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஜெனிதா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கினாள். செவுள் இல்லாததால் காதைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். வயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"என்னம்மா, மீன் பாக்கறாப்ல பாக்கறே?" என்றார் ராமானுஜம்.

"தெரிஞ்ச மாதிரிதான சார் பாக்க முடியும்?"

சிவப்பு ரிப்பன் அழுத்தியதும் மல்லாந்து படுத்துக் கொட்டாவி விட்டது. பச்சை ரிப்பன் அழுதது. மஞ்சள் ரிப்பன் அவள் மடியை நனைத்தது. இப்படிப் பத்தும் முடிந்து, கடைசியாக ரிப்பன் இல்லாததைத் தூக்கி வயிற்றில் விரலை வைத்தாள். அது திரும்பி லபக்கென்று கட்டைவிரலைக் கவ்வியது. கையை உதறினாள், விடவில்லை. எழுந்து நின்று கையைத் தூக்கினாள். குட்டி அந்தரத்தில் தொங்கியது. நண்டு தொங்குவதுபோல், கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கவலையும் இல்லாமல் தொங்கியது.

"இதான்" என்றாள் ஜெனிதா.

"அசடு மாதிரி பேசாதேடி" என்றாள் ஜெயஸ்ரீ. "அது நோஞ்சான். வளர்த்தி இருக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டார். சிவப்பை எடுத்துக்கோ."

"வலைல ஆயிரம் மீனு வருதும்மா. கைய கடிச்சதுதான் மனசுல நிக்கிது. இதுக்குப் பிடி கீது."

"என்ன பேர் வைக்கப்போறே?"

ஜெனிதா விரலில் தொங்குவதைப் பார்த்தாள். சாம்பல் நிறம், மெலிந்த உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண். வாயில் தானாக வந்தது. "நெத்திலி."

ஜெயஸ்ரீ கை தட்டினாள். "மைதிலி, நெத்திலி! அம்மா பேரோட எவ்வளவு அழகா சேர்ந்துண்டு வர்றது! நெத்திலின்னா என்னடி அர்த்தம்?"

"சின்னதா, வெள்ளியாட்டம் மின்னும்மா" என்றாள் ஜெனிதா. பொய் ஒன்றும் இல்லையே.

பட்டினப்பாக்கத்தில் செபஸ்தியான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நாலு கூட்டாளிகளோடு மாடிப்படியருகே காத்திருந்தான். புதுச் சங்கிலி ஒன்றும் கையில் வைத்திருந்தான், காளைமாட்டைக் கட்டலாம். ஜெனிதா ஆட்டோவை விட்டு இறங்கினாள். கையில் நாய் இல்லை. இடுப்பில் மீன்கூடை மட்டும் இருந்தது.

"எங்கமே?"

கூடைக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டினாள். செபஸ்தியான் கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

"இன்னாமே இது, பெருச்சாளியா?"

"நாய்யா."

"பெருசு எங்க?"

"இதான் பெருசு. போகப் போகத் தெரியும்."

கீழ்வீட்டில் குடியிருக்கிறவளும், மார்க்கெட்டில் பக்கத்துப் பலகைக்காரியுமான வேலம்மா வாசலிலிருந்து கேட்டாள்: "குதிரன்னியே செபஸ்தி, லாடம் அடிக்க ஆள் கூப்டவா?" கூட்டாளிகள் சிரித்த சிரிப்பில் நெத்திலி பயந்துபோய்க் கூடைக்குள்ளேயே ஈரம் பண்ணிவிட்டது.

செபஸ்தியான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டு குளிர் அடித்தது. குட்டி நடுங்கியது. ஐஸ் போட்டு மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, அதற்குள் ஜெனிதா அதைப் படுக்கவைத்திருந்தாள். சாயங்காலம் அவள் மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது, காலி குவார்ட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, தன் நல்ல லுங்கியைக் கிழித்துச் சுற்றி, செபஸ்தியான் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பாக்கற? செத்துப்போனா எனக்குத்தான அசிங்கம்" என்றான்.

ஐஸ் பெட்டிக்குள் சூடாகத் தூங்கிய உயிர் பட்டினப்பாக்கத்தில் அதுவரை நெத்திலி ஒன்றுதான்.

மயிலாப்பூரில் கால்நடை டாக்டர் ஃபிசாவிடம் கொண்டுபோனார்கள். சின்னப் பெண், ரொம்பக் கண்டிப்பு. ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். முள் எடுத்த மீனும் குழைந்த சோறும். எடையைக் கூட்டவேண்டும் என்று திணிக்கக் கூடாது. "இன்னொண்ணு முக்கியம். பெரிய ஜாதி நாய், எலும்பு இளசு. ஒரு வயசு ஆகிறவரைக்கும் படி ஏற விடாதீங்க. தூக்கிட்டுத்தான் போகணும். எத்தனாவது மாடி?"

"மூணு" என்றாள் ஜெனிதா.

செபஸ்தியான் சிரித்தான். "இது இன்னா டாக்டரம்மா, மூணரக் கிலோ. வஞ்சரத்தையே ஒரு கைல தூக்கறவன் நான்."

 டாக்டர் அவனை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சீட்டை எழுதினாள்.

தினமும் காலையில் மார்க்கெட்டில் மீன் தராசில் நெத்திலிக்கு எடை பார்ப்பார்கள். வேலம்மாதான் அறிவிப்பாளர். "நாலே கால்! அஞ்சு எரநூறு!" என்று கூவுவாள்; பலகைக்காரிகள் எல்லாரும் கை தட்டுவார்கள். எந்தத் தினுசில் ஏறியதோ, முள் எடுத்த சங்கரா செய்த வேலையோ, திட்டு செய்த வேலையோ, குட்டி நீள ஆரம்பித்தது. முதலில் கால் மட்டும். பிறகு காது. பிறகு ஒரு வாரம் முழுக்க வால். செபஸ்தியான் தோளில் அது முதல் மாதம் வஞ்சிரமாக இருந்தது, மூன்றாம் மாதம் சூரையாக, ஆறாம் மாதம் சுறாவாக. எட்டாம் மாதத்துக்குமேல் ஒப்புச் சொல்ல அவனுக்கு மீன் கிடைக்கவில்லை. தராசும் போதவில்லை.

நெத்திலிக்கு மட்டும் தான் வளர்ந்த சேதி யாரும் சொல்லவில்லை. தான் இன்னும் மூன்றரைக் கிலோ என்றே நினைத்துக்கொண்டிருந்தது. ஜெனிதா மீன் வெட்ட உட்கார்ந்தால் மடியில் வந்து உட்காரும்; அவள் முகம் நாய்க்குப் பின்னால் எங்கோ இருக்கும். பழைய தெர்மாகோல் பெட்டியில் படுக்கப் போய், பெட்டி நாலாகப் பிளந்ததும், பெட்டியைப் பார்த்துக் குரைத்தது. குடையைக் கண்டால் பயம். குக்கர் விசிலுக்குப் பயம். உயிரோடு நண்டு வந்த நாளெல்லாம் வேலம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும்.

பகலெல்லாம் ஜெனிதாவின் பலகைக்குக் கீழே தூங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியிலிருந்து ஒருவர், கண்ணாடி போட்ட மனிதர், கையில் பையோடு வந்து கேட்டார்: "நெத்திலி இருக்கா?"

"நெத்திலி கீது சார்" என்றாள் ஜெனிதா, தட்டில் இருந்ததைக் காட்டப்போக.

தன் பேரை இரண்டு தரம் கேட்டதும் கீழே இருந்தது எழுந்தது. பலகையும் கூடவே எழுந்தது. சங்கராவும் கிழங்கானும் இரண்டு பக்கமும் சரிய, நடுவில் ஒரு பெரிய சாம்பல் தலை மேலே வந்து அந்த மனிதரின் முகத்துக்கு நேராக நின்றது. அவர் பையைப் போட்டுவிட்டு ஓடியவர், லூப் ரோட்டில் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார். அது எங்கே போகிறது என்றுகூடக் கேட்கவில்லை. பை இன்னும் ஜெனிதாவிடம்தான் இருக்கிறது.

ஒரு வருஷம் முடிந்தது. டாக்டர் ஃபிசா எலும்பைத் தடவிப் பார்த்து, "இனிமே படி ஏறலாம்" என்றாள். செபஸ்தியான் ஆஸ்பத்திரி வாசலிலேயே மாதாவுக்கு நன்றி சொன்னான். வீட்டுக்கு வந்து முதல் படியருகே நெத்திலியை இறக்கிவிட்டு, "ஏறு கண்ணு" என்றான்.

நெத்திலி உட்கார்ந்தது. முன்னங்கால் இரண்டையும் அவன் தோளை நோக்கித் தூக்கியது. தூக்கு என்று அர்த்தம்.

படி என்பது செபஸ்தியான் ஏறுகிற பொருள், தான் ஏறுகிற பொருள் அல்ல என்பது அதன் முடிவு. படிக்கு ஒன்றாக வறுத்த மீன் வைத்தார்கள். கழுத்து எட்டின மட்டும் நாலு படி மீனைத் தின்றுவிட்டு, ஐந்தாவதைப் பார்த்து அழுதது. செபஸ்தியான் பின்னாலிருந்து தள்ளினான். அது அவன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தது. கடைசியில் ஜெனிதாவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு காலில் மூன்று மாடியும் ஏறிக் காட்டினாள். நெத்திலி வாலை ஆட்டி ரசித்தது. இரண்டாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அமீனா பீ, "இன்னாம்மா ஜெனிதா, வேண்டுதலா?" என்று விசாரித்தாள்.

ஆக, நாற்பத்திரண்டு கிலோவும் தோளிலேயே போய்வந்தது. ஆவணியில் ஒரு நாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் செபஸ்தியானின் இடுப்பு 'களுக்' என்றது. நாயும் அவனும் அப்படியே சிலையாக நின்றார்கள். அவனை இரண்டு பேர் இறக்கினார்கள். நாயை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

அதன் பிறகு பதினைந்து நாள் பட்டினப்பாக்கம் கண்ட காட்சி சாமானியமில்லை. பழைய மீன்வலையைத் தூளி மாதிரி கட்டி, துடுப்பு இரண்டைக் கொடுத்து, செபஸ்தியானின் கூட்டாளிகள் நாலு பேர் நெத்திலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார்கள். அதுவும் தலையை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, சப்பரத்தில் போகிற தோரணையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து ஜனம் வந்து நிற்கும். அமீனா பீ ஒருநாள் கையில் இருந்த மல்லிகைப்பூவைப் போட்டே விட்டாள்.

அந்தச் சமயத்தில் ஜெயஸ்ரீயிடமிருந்து அழைப்பு வந்தது. மைதிலிக்கு ஐந்தாவது பிறந்தநாள். குட்டிகள் எல்லாம் வரவேண்டும். "இவர் ஆயுஷ்ஹோமம் பண்ணலாமான்னு கேட்டார். நான் வேண்டவே வேண்டாம்னுட்டேன்" என்றாள் போனில்.

இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு செபஸ்தியானும் போனான். நெத்திலியைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக வாசலில் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தோட்டத்தில், பத்தில் வர முடிந்த ஏழு நாய்கள். ஏழும் நெத்திலிக்கு ஒரு சாண் மேலே. சிவப்பு ரிப்பன், இப்போது தி.நகர் நகைக்கடைக்காரர் முத்துகிருஷ்ணன் வீட்டில் வளர்கிறது, எழுபது கிலோ. அவரை அது இழுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தது. அவரும் "நில்லு ராஜா, நில்லு ராஜா" என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் பறந்தார். நெத்திலி சட்டென்று ஜெனிதாவின் முதுகுப்பக்கம் போய் ஒளிந்துகொண்டது.

செபஸ்தியான் நாய்களைப் பார்த்தான். நெத்திலியைப் பார்த்தான். தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஏமே, நம்மளுது சின்னதாமே!"

"அத்தத்தான ஆரம்பத்துலேர்ந்து எல்லாரும் சொன்னாங்க."

"என் இடுப்பு ஒடிஞ்சது இந்தச் சின்னதுக்கா?" கொஞ்ச நேரம் சிவப்பு ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னான்: "நல்லவேள, நீ என் பேச்சக் கேக்கல."

ஜெனிதா அதை இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். அவன் மறுத்துவிட்டான்.

தயிர்சாதத்தை கேக் மாதிரி அச்சில் வார்த்து மொட்டைமாடியில் வைத்திருந்தார்கள். அதற்குள் சங்கரா ஒளிந்திருந்தது தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மைதிலி முதலில் படி ஏறியது. பின்னால் ஏழும் தடதடவென்று ஏறின. நெத்திலி மட்டும் கீழே உட்கார்ந்து முன்னங்காலைச் செபஸ்தியான் பக்கம் தூக்கியது. அவன் பெல்ட்டைக் காட்டினான். அது ஊளையிட்டது.

ஊளை கேட்டு மைதிலி பாதிப் படி இறங்கி வந்து நின்றது. மகளை ஒரு பார்வை பார்த்தது. ஒரே ஒரு தடவை 'வள்' என்றது. அந்த ஒரு சொல்லில் என்ன இருந்ததோ, நெத்திலி எழுந்து, காலை வைத்து, அது வழுக்கவில்லை என்று கண்டு, அடுத்த காலை வைத்து, பிறகு இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டது. ஜெனிதா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னவோ ஏதோ என்று சுவரேறி எட்டிப் பார்த்தாள். செபஸ்தியான் இடுப்பை மறந்து ஒரு குதி குதித்து, உடனே ஞாபகம் வந்து உட்கார்ந்தான்.

சாப்பாடு முடிந்தது. எல்லா நாயும் இறங்கின. நெத்திலி மேல்படியில் நின்று கீழே பார்த்தது. ஏறுவதைத்தான் அம்மா சொல்லிக்கொடுத்தாள். இறங்குவதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்கியது.

முத்துகிருஷ்ணன் தலைப்பக்கமும், ஜெனிதா வயிற்றுப்பக்கமும், ராமானுஜம் வால்பக்கமும் பிடித்தார்கள். வாலைப் பிடித்தால் கனமில்லை என்று ராமானுஜம் நினைத்தார். ஆனால் இவ்வளவு மரியாதையாக யாரும் தன்னைத் தூக்கியதில்லை என்ற சந்தோஷத்தில் நெத்திலி அந்த வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. பதினெட்டுப் படியும் இறங்குவதற்குள் அவர் மூக்குக்கண்ணாடி இரண்டு தரம் பறந்தது.

இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று ஜெனிதா அன்றே வேலம்மாவிடம் பேசினாள். வேலம்மாவின் கீழ்வீட்டில் மழைக்குத் தண்ணீர் வரும். மேலே போகத்தான் அவளும் தவமிருந்தாள். அடுத்த ஞாயிறே வீடு மாற்றிக்கொண்டார்கள். வேலம்மா சாமான் எல்லாவற்றையும் எடுத்துப்போனாள். அவள் வளர்த்த மஞ்சள் பூனை மட்டும் மேலே வர மறுத்து, கீழ்வீட்டு ஜன்னலிலேயே உட்கார்ந்துகொண்டது. முதல் நாளே நெத்திலியின் பாயை அது எடுத்துக்கொண்டது. நெத்திலி திருப்பிக் கேட்கவில்லை.

இந்த ஐப்பசி மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது. ஜெனிதாவும் செபஸ்தியானும் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பூனை சுற்றிலும் பார்த்துவிட்டு, நெத்திலியின் முதுகுக்குத் தாவி, சுருண்டு, தூங்கிப்போனது. நெத்திலி மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் நாலு காலையும் ஊன்றி நின்றது.

"மேல வாடி நெத்திலி, கட்டில்ல எடம் கீது" என்று கூப்பிட்டாள் ஜெனிதா.

நெத்திலி கண்ணை மட்டும் திருப்பிப் பூனையைக் காட்டியது. தண்ணீர் வடிய நாலு மணி நேரம் ஆனது. பூனை எழ ஐந்தே கால் மணி நேரம்.